சாமை மேல் போட்ட பழி

மகனே,

இது அப்பா எழுதுவது. போனில் பேசினால் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவாய் என்று தெரிந்துதான் தாளை எடுத்தேன். உறையைப் பிரிக்கும்போதே, இந்த ஆள் எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறார், இதில் என்ன உள்நோக்கம் இருக்கும் என்று உனக்குச் சந்தேகம் வரும். வரட்டும். அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்ததுதான். உன் அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க. ஆனா என்னப் பத்தி மட்டும் எழுதி வுட்டுடாதீங்க, நீங்க பண்ணதையும் சேத்து எழுதுங்க" என்றாள். அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு மருமகளுக்கும் படித்துக் காட்டு. அவளுக்குத் தெரியக்கூடாதது இதில் ஒன்றும் இல்லை.

ஐப்பசியில் மருமகளின் தாய்வீட்டில் நடந்த வளைகாப்புக்கு அம்மா வராததை நீ மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய். நான் மட்டும் மலை பஸ்ஸில் வந்து இறங்கியபோது, "அம்மா வரல?" என்று கேட்டாய். முட்டி வலி என்றேன். என் கையிலிருந்த வளையல் பெட்டியைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய், திரும்பிப் போய்விட்டாய். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மருமகள்தான் பெட்டியை வாங்கிப் பிரித்து, அம்மா கொடுத்தனுப்பிய வளையல்களைத் தானே கையில் போட்டுக்கொண்டாள். பெண் மலைக்காரி என்பதால்தான் அம்மா படியேற மறுத்தாள் என்று நீ நினைத்துவிட்டாய். அப்படி நினைக்க உனக்குக் காரணம் இருக்கிறது. வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற மலைப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ வந்து நின்றபோது முகத்தைச் சுளித்தவர்கள்தான் நாங்கள். நான் அதிகமாகவே சுளித்தேன். ஆனால் வளைகாப்புக்கு அம்மா வராததன் காரணம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் நீ விட்டுவிட்டுப் போன நாய்க்குட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம். முப்பது வருடம் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் உட்கார்ந்தவன் நான். கரும்பு ஏற்றிய டிராக்டர் மேடையில் ஏறினால், முள்ளைப் பார்ப்பதற்கு முன்னால் டிரைவரின் முகத்தைப் பார்ப்பேன். பாரத்தோடு எடை போடும்போது கரும்புக்கு நடுவில் ஒரு ஆள் ஒளிந்திருப்பான். காலி வண்டி எடைக்கு வரும்போது அவன் இறங்கி டீக்கடையில் நிற்பான். கட்டுகளுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவார்கள். இதையெல்லாம் பிடித்துப் பிடித்து, யார் எதைச் சொன்னாலும் அதற்குள் ஒரு ஆள் ஒளிந்திருக்கிறான் என்று பார்க்கிற கண்ணாகிவிட்டது என் கண். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு இன்னும் மோசமானது. பால்காரரைச் சந்தேகப்பட்டேன். அழுக்குத் தண்ணீரை நம் சுவரோரம் ஊற்றுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டேன். பின்வாசல் கதவுக்கு மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று தாழ்ப்பாள் போட்டு, எந்நேரமும் மூன்றும் மாட்டியிருக்க வேண்டும் என்று சட்டம் வைத்தேன். கக்கூஸ் அந்தக் கதவுக்கு வெளியே இருக்கிறது என்பது உனக்குத் தெரியும்.

ஆடி மாதம் உனக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் மாற்றலாகி, அங்கே வீட்டுக்காரர் நாய் கூடாது என்று சொல்லிவிட்டதால், மருமகளின் தாய்வீட்டு நாய் போட்ட குட்டியை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாய். சாமை அரிசி நிறத்தில் இருந்ததால் சாமை என்றே மருமகள் பெயர் வைத்திருந்தாள். "எத்தினி நாளைக்கு?" என்று கேட்டேன். "இருக்கட்டும்ப்பா. அம்மாவுக்குத் தொணையா இருக்கும்" என்றாய். அந்தத் துணை என்ற வார்த்தை எனக்குக் குத்தியது. இனி நீ வரமாட்டாய், உனக்குப் பதிலாக இதை வைத்துவிட்டுப் போகிறாய் என்று கணக்குப் போட்டேன். பஸ் ஏறும்போது கோடு போட்ட தாள் ஒன்றை என் சட்டைப் பையில் வைத்தாய். குட்டியை எப்படிப் பழக்குவது என்று வாத்தியாரான உன் கையெழுத்தில் எழுதியிருந்தாய். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப் போகவேண்டும். தினமும் ஒரே இடத்துக்குப் போகவேண்டும். அங்கே போய்விட்டால் உடனே தட்டிக்கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் போய்விட்டால் அடிக்கக் கூடாது, மூக்கைத் தேய்க்கக் கூடாது, வாசனை போகிற மாதிரி துடைத்துவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். கடைசி வரி: யார் முன்னாலும் வைத்துத் திட்டக் கூடாது.

நாய்க்கு யார் முன்னால் என்ன வெட்கம்? அந்தக் கடைசி வரியைப் படித்ததும், இந்தத் தாள் நாய்க்காக எழுதியது இல்லை, எனக்காக எழுதியது என்று நினைத்தேன். மடித்துப் பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். உன் அம்மா கேட்டபோது, எங்கேயோ விழுந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

அப்புறம் நான் என் வழியில் பழக்கினேன். அது கூடத்தில் ஒன்றுக்கு இருந்தால் பிடரியைப் பிடித்து இழுத்து வந்து மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்தேன். பேப்பரைச் சுருட்டி அடித்தேன். வெயிலில் கட்டிப்போட்டேன். இரண்டு மாதக் குட்டி அது. என் காலடிச் சத்தம் கேட்டாலே இருந்த இடத்திலேயே பெய்தது. அதற்கும் அடித்தேன், வேண்டுமென்றே செய்கிறது என்று.

அப்படி ஒருநாள் அதன் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது உன் மாமனார் வாசலில் வந்து நின்றார். கள்ளக்குறிச்சிக்கு ஏதோ வேலையாக இறங்கியவர், ஒரு பாட்டில் தேனும் ஒரு பை கடுக்காயும் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறார். வேவு பார்க்க நீ அனுப்பிய ஆள் என்று எனக்கு உடனே தோன்றியது. அவர் எதையும் பார்க்காதவர் போல உட்கார்ந்து உன் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். குட்டி அவர் செருப்புக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டது. போகும்போதுதான் மெதுவாகச் சொன்னார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க காட்டுப்பன்னி வெரட்டறதுக்கு நாய் வளக்கறவங்க. நீங்க அடிச்சா, வூட்டுக்குள்ள பேயறது தப்புன்னு அதுக்குப் புரியாதுங்க. உங்க கண்ணு முன்னால பேயறதுதான் தப்புன்னு நெனைச்சிக்கும்."

"அதனால இன்னா?" என்றேன்.

"அப்பறம் உங்களுக்குத் தெரியாம மறைஞ்சி மறைஞ்சி பேயும். அது இன்னும் கஸ்டம்ங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. மலையிலிருந்து இறங்கி வந்து எனக்குப் பாடம் சொல்கிறாரே என்று. அந்தத் தேனை ஒரு வாரம் தொடவில்லை. ஆனால் அவர் சொன்னபடியேதான் நடந்தது. கூடம் காய்ந்து கிடந்தது, நாற்றம் மட்டும் இருந்தது. தேடிப் பார்த்தால் அரிசி டிரம்முக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் சுவரோரமாக, செருப்பு அடுக்கின மூலையில். டிரம்மை நகர்த்தி அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு நாய் ஞாபகம் வரவில்லை. விறகுக் குவியல் ஞாபகம் வந்தது.

உனக்கும் அது மறந்திருக்காது. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நீ பாயில் ஒன்றுக்கு இருந்துகொண்டிருந்தாய். நான் விழிப்பதற்குள் உன் அம்மா பாயை மாற்றிவிடுவாள். எனக்குச் சந்தேகம் வந்து, ஒவ்வொரு நாள் காலையிலும் உன் பாயைக் கையால் தடவிப் பார்க்க ஆரம்பித்தேன். எடைமேடையில் கட்டுக்குள் கையை விட்டு ஈரம் பார்ப்பேனே, அதே மாதிரி. ஒருநாள் நனைந்த பாயைச் சுருட்டி உன் தலையில் வைத்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரமாகப் பார்த்து, தெருவில் நிற்க வைத்தேன். உன் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே போனார்கள். நீ அழவில்லை. பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாய். அம்மா கதவுக்கு உள்ளே நின்றாள். வெட்கப்பட்டால் நின்றுவிடும் என்று நான் நம்பினேன். நிற்கவில்லை. நீ மறைக்கக் கற்றுக்கொண்டாய். நனைந்த கால்சட்டையை விறகுக் குவியலுக்குள் செருகி வைத்தாய். அதை நான் கண்டுபிடித்து, திருட்டுப் புத்தி என்று அதற்கும் அடித்தேன். ஆறாம் வகுப்புக்குச் சங்கராபுரத்தில் விடுதியில் சேர்கிறேன் என்று நீயாகவே கேட்டாய். படிப்பில் ஆசை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். அதிலிருந்து இன்றுவரை இரண்டு நாளுக்கு மேல் நீ இந்த வீட்டில் தங்கியதில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. பதில் எனக்குத் தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே டிரங்குப் பெட்டியை நகர்த்தி உன் தாளை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். "இத அவன் நாய்க்கு எழுதனானா, எனக்கு எழுதனானா?" என்று கேட்டேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தாள். "யாருக்கு எழுதனா இன்னா? படிச்சிட்டீங்க இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து நான் உன் தாளின்படி நடந்தேன். அடிப்பதை நிறுத்தியது சுலபமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். கை பழகிவிட்டிருந்தது. பேப்பரைச் சுருட்டிவிட்டு, சுருட்டியதை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பேன். சாமை எழுந்ததும் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் புங்கமரத்தடியில் விடுவேன். அது மண்ணை மோந்துகொண்டே சுற்றும். தும்பியைத் துரத்தும். என் கால் நகத்தைக் கடிக்கும். ஒன்றுக்கு மட்டும் இருக்காது. அரைமணி நேரம் நின்றுவிட்டு உள்ளே கொண்டுவந்தால் கூடத்தில் பெய்யும். என்னை ஏமாற்றுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு துடைத்தேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ அது மரத்தடியில் குந்தியது. பொறை ரொட்டித் துண்டு ஒன்றைக் கொடுத்துத் தலையைத் தடவினேன். என் கை அதன் தலைக்கு மேல் போனதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தது. தடவிக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் ஒரு கண்ணைத் திறந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பில் கொஞ்சத்தை அதனிடம் கேட்ட மாதிரி இருந்தது.

புரட்டாசி முடிவதற்குள் அது நன்றாகப் பழகிவிட்டது. அவசரம் என்றால் பின்வாசல் கதவைப் பிறாண்டும். நான் ஓடிப்போய் மூன்று தாழ்ப்பாளையும் திறந்துவிடுவேன். டீக்கடையில் எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். அப்போதுதான் மறுபடியும் ஈரம் தெரிய ஆரம்பித்தது. கட்டிலுக்கு அடியிலோ டிரம்முக்குப் பின்னாலோ இல்லை. ஒரே இடம்தான், பின்வாசல் கதவுக்கு ஓரடி உள்ளே. நான் வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் அங்கே தரை துடைத்த ஈரமாக இருக்கும். "நாயிதான், வேற யாரு" என்பாள் உன் அம்மா.

எனக்குப் பழைய கண் திரும்பி வந்துவிட்டது. என் எதிரில் இவ்வளவு ஒழுங்காக இருக்கிற நாய், நான் இல்லாதபோது மட்டும் ஏன் பெய்ய வேண்டும்? ஐப்பசி மழைக்கு மேல்தளம் ஒழுகுகிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி கதவிடுக்கில் தண்ணீர் ஊற்றுகிறாளா என்று இரண்டு நாள் காத்திருந்தேன். அப்புறம் உன் அம்மாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். ஒரு நாளைக்கு இரண்டு புடவை துவைத்து, கொடியில் போடாமல் குளியலறைக்குள்ளேயே காயப்போட்டாள். நாயை நான் திட்டிய நாட்களில் எல்லாம் எனக்குத் தெரியாமல் அதற்குத் தயிர்சோறு வைத்தாள். வளைகாப்புக்கு வரமாட்டேன், முட்டி வலி என்றாள். ஆனால் அவள் நடையில் எந்த வலியும் எனக்குத் தெரியவில்லை. என் புத்தி எங்கெல்லாம் போனது என்று எழுதக் கூசுகிறது. என்னைவிட்டு எங்கேயோ போகத் திட்டம் போடுகிறாளோ, நீயும் அவளும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஏதோ பேசி வைத்திருக்கிறீர்களோ என்றுகூட நினைத்தேன். அவளுக்கு உடம்பில் ஏதாவது இருக்கலாம் என்று மட்டும் ஒருதடவைகூடத் தோன்றவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் பொறுமை போய்விட்டது. வயதுக்கு வளராமல் இன்னும் பைக்குள் அடங்குகிற நோஞ்சானாகவே இருந்த நாயைப் பையில் போட்டுக்கொண்டு, மலை பஸ்ஸில் உன் மாமனாரிடமே அனுப்பிவிடுகிறேன் என்று கிளம்பினேன். அம்மா ஓடிவந்து பையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும்ங்க. நா தொடச்சிக்கிறேன்."

"நீதான தெனமும் அது பேஞ்சிக்கினு இருக்குதுன்னு சொல்ற?"

"சொன்னேன். இருக்கட்டும்னும் நாந்தான சொல்றேன்."

ஒரு பக்கம் குற்றம் சொல்கிறாள், இன்னொரு பக்கம் விடமாட்டேன் என்கிறாள். டிரைவர்களில் சில பேர் இப்படித்தான் பேசுவார்கள். அப்படிப் பேசினால் வண்டிக்குள் கட்டாயம் ஆள் இருப்பான். பிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் படுத்ததும், சாமையைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் முன்வாசல் வழியாகக் கிளம்பினேன். அதற்கு முன்னால் பின்வாசல் பக்கம் தரை காய்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஆலைக்குப் போகிற ரோட்டில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன். சாமை பையிலிருந்து தலையை நீட்டி, போகிற வருகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு மணிக்குத் திரும்பினேன். நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏங்க, பாத்து கால வைங்க. உங்க நாயி மறுபடியும் பேஞ்சி வெச்சிருக்கு. இப்பதான் தொடச்சிக்கினு இருக்கறேன்."

முப்பது வருட வேலையில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். பிடிக்கிற நேரத்தில் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி வரும். அன்றும் வந்தது. என்ன சொல்லவேண்டும் என்று வார்த்தையைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். பையை மார்போடு பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் பின்வாசலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தாள். புடவையின் பின்பக்கம் நனைந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சாமையின் தலையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தாள். தயாராக வைத்திருந்த வார்த்தை எனக்கு வரவில்லை. அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், மகனே. பாயைத் தலையில் வைத்துக்கொண்டு நீ நின்றாயே, அன்றைக்கு.

"ஆமா, நாந்தான்" என்றாள். "ஒரு வருசமாவே இப்பிடித்தான். இருமனா வந்துடுது. எழுந்து ஓடனா வந்துடுது. உன் மூணு தாப்பாவையும் தெறக்கறதுக்குள்ள வந்துடுது. இப்ப இன்னா பண்ணப் போற? பாயச் சுருட்டித் தலையில வெச்சித் தெருவுல நிக்க வெக்கப் போறியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை ஒருமையில் பேசியதில்லை. அன்றுதான் பேசினாள். நான் பையைக் கீழே வைத்தேன். சாமை குதித்து இறங்கிப் போய் அவள் மடியில் ஏறிக்கொண்டது. அவள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இது மேலயே பழியப் போட்டுக்கினு இருந்தேன். நீ அதத் திட்டும்போதெல்லாம் என்னயே திட்டற மாதிரி இருக்கும்" என்றாள். நான் அவள் கையிலிருந்த துணியை வாங்கி மிச்சத்தைத் துடைத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்து மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் கழற்றினேன். ஒரு திருகு துருப்பிடித்து வரமாட்டேன் என்றது. சாயங்காலம் வரைக்கும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டரிடம் போகலாம் என்பதற்கு அவள் ஒப்புக்கொள்ளப் பத்து நாள் ஆனது. நான் தினமும் ஒருதடவை கேட்பேன், முடியாது என்பாள், விட்டுவிடுவேன். பழைய ஆளாக இருந்தால் முதல் நாளே இழுத்துக்கொண்டு போயிருப்பேன். கள்ளக்குறிச்சியில் ஒரு பெண் டாக்டரைப் பார்த்தோம். பிள்ளை பெற்ற உடம்புக்கு வயதான பிறகு இது நிறையப் பேருக்கு வருவதுதான், வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள் என்றார். தண்ணீரைக் குறைக்காதீர்கள், அது இன்னும் கெடுதல் என்றார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. தசைக்குப் பயிற்சி ஒன்று சொல்லிக்கொடுத்தார். "வருதா வரலையான்னு பாக்காதீங்கம்மா. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், நடுவுல மணி பாத்தும் போய்ட்டு வாங்க. ரெண்டு மாசம் பொறுமையா செய்ங்க" என்றார். வெளியே வந்ததும் அம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரித்தாள். "நாய்க்கு உம் புள்ள எழுதிக் குடுத்ததயே எனக்கு இந்தம்மா வாயால சொல்றாங்க" என்றாள். நீ என்பது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. இப்போதும் பாதி நாள் அப்படித்தான். நான் திருத்தவில்லை.

இப்போது நாய்க்கு மணி ஆனால் அவளும் எழுந்துகொள்கிறாள். சாமை புங்கமரத்தடிக்கு, அவள் அந்தப் பக்கம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறேன். மார்கழி முடிவதற்குள் நிறையக் குறைந்துவிட்டது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சில நாள் ஆகிவிடும். ஆனால் துடைத்துவிட்டு வேறு பேச்சுப் பேசுகிறோம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள்.

வளைகாப்புக்கு அவள் வராதது இதனால்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து மலை ஏறுகிற பஸ்ஸில், அத்தனை வளைவிலும் குலுங்கிக்கொண்டு, நடுவில் இறங்க இடமில்லாமல் வந்து, பட்டுப்புடவை நனைந்து, மருமகள் வீட்டுப் பெண்களுக்கு முன்னால் இறங்கி நிற்பதை நினைத்தே ஒரு வாரம் தூங்காமல் இருந்திருக்கிறாள். வளையல்களை அவள்தான் கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்தாள். மருமகள் அதைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள் என்று நான் வந்து சொன்னபோது, இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். நீ அவளைச் சந்தேகப்பட்டாய். அதற்காக உன்மேல் எனக்கு வருத்தமில்லை. வாயைத் திறந்து சொல்ல முடியாத வீடாக இதை நான்தான் வைத்திருந்தேன். இந்த வீட்டில் ஒருவருக்கு ஒன்று என்றால் மறைக்கத்தான் தெரியும். நீ மறைத்தாய், அவள் மறைத்தாள், நாய்க்குட்டிகூட மறைக்கக் கற்றுக்கொண்டது. நீ அப்பா ஆகிவிட்டாய். உன் வீட்டை இப்படி வைத்துக்கொள்ளாதே. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும் என்பதை உன் கையெழுத்திலேயே படித்துவிட்டேன்.

உன்னைத் தெருவில் நிற்க வைத்ததற்கு நான் என்ன சொன்னாலும் ஈடாகாது. தப்பு செய்தேன். அந்த வயதில் அது உன் குற்றமே இல்லை. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வருமா என்று தெரியவில்லை, அதனால் எழுத்தில் இருக்கட்டும்.

"பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று போனவாரம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவளிடம் கொடுக்கச் சொல்வாய் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வருகிற வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மலைக்கு, மருமகளின் தாய்வீட்டுக்கு வருகிறோம். நீயும் அன்று அங்கே இரு. பஸ் இல்லை, தெரிந்தவர் ஆட்டோ ஒன்று சொல்லியிருக்கிறேன். கேட்கிற இடத்தில் எல்லாம் நிறுத்துவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். நாயையும் வீட்டுச் சாவியையும் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு வருகிறோம்.

அம்மா இறங்கியதும், அன்றைக்கு ஏன் வரவில்லை, இப்போது எப்படி வந்தாய் என்று எதுவும் கேட்காதே. எல்லாரும் சேர்ந்து அழுவதும் வேண்டாம். கழிப்பறை எந்தப் பக்கம் என்று முதலில் நீயே கூட்டிப்போய்க் காட்டிவிடு. போய்விட்டு வந்து அவள் உட்கார்ந்த பிறகு குழந்தையை மடியில் வை. குழந்தை அவள் புடவையை நனைத்தால் யாரும் பதறிக்கொண்டு வந்து தூக்க வேண்டாம். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.

அப்பா